இருமுறை சொடுக்கினால் வரைபடம் கடுகாகச் சுருங்கியது ஏன்?

கோத்தகிரியில் சரிவான மனையொன்றுக்கு வீட்டு வரைபடம் தயாரித்தபோது, சமஉயரக் கோடுகளுக்கும் தாங்குசுவரின் விவரப் படத்துக்கும் இடையே ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் நாள் முழுவதும் அலைந்துகொண்டிருந்தேன். மவுஸின் உருளையை அழுத்தி இழுத்தால் படம் நகர வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு மெனு திறந்தது. கட்டளை வரியில், உருளையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'எம்பட்டன்பேன்' (MBUTTONPAN) என்ற அமைப்பைத் தட்டிப் பார்த்தபோது அதன் மதிப்பு 0 என இருந்தது. 1 என மாற்றியதும் படம் கையோடு நகர்ந்தது.

அடுத்த சிக்கல்தான் என்னை அதிகம் வருத்தியது. உருளையை இருமுறை சொடுக்கினால் முழுப் படமும் திரையில் அடங்க வேண்டும், ஆனால் என் மனை கடுகளவுப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. நில அளவைக் கோப்போடு வந்த சிறு கோட்டுத் துண்டொன்று வெகுதொலைவில் கிடந்ததே காரணம். பூட்டியிருந்த லேயர்களை, அதாவது படத்தின் அடுக்குகளை, திறந்துவிட்டு (திறக்காவிட்டால் அவற்றில் உள்ளவை தேர்வாகா), கன்ட்ரோலும் 'ஏ'யும் அழுத்தி அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டைப் பிடித்தபடி மனையைச் சுற்றிக் கட்டமிழுத்து அதை மட்டும் தேர்விலிருந்து விலக்கி, எஞ்சியதை அழித்தேன். மறு சொடுக்கில் மனை திரையை நிறைத்தது.

இப்போது சுவரின் அடித்தளத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பின், 'இசட்', என்டர், 'பி', என்டர் என்று தட்டி முந்தைய காட்சிக்கே திரும்புகிறேன். இவ்வாறு 10 காட்சிகள் வரை பின்னோக்கிச் செல்லலாம்.