போஸ்ட் போடும் படத்தை 1080 பிக்சலுக்குத் தயார் செய்வது எப்படி

கோயில் கொடைக்கோ கடைத் திறப்புக்கோ ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்த டிசைனை அப்படியே இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிவிடுகிறோம். 8 அடி அகல ஃப்ளெக்ஸ் போன் திரையில் சுமார் 7 செ.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட 35 மடங்கு சுருக்கம். ஃப்ளெக்ஸில் 5 செ.மீ. உயரமாக இருந்த எழுத்து திரையில் ஒன்றரை மி.மீ.கூட வராது. போதாக்குறைக்கு, 8-க்கு 4 என்பது 2:1 விகிதம். இன்ஸ்டாகிராம் போஸ்டில் அகலப் படத்துக்கு உச்ச வரம்பு 1.91:1. இரு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், ஓரத்தை ஒட்டிப் போட்ட போன் நம்பரில் ஒரு இலக்கம் போய்விடும். அதனால் போஸ்டுக்குத் தனி டிசைன்தான் வேண்டும். ஃப்ளெக்ஸ் கடையில் சிஎம்ஒய்கே (அச்சு மை வண்ணம்) ஃபைல் கொடுத்திருந்தால், எஸ்ஆர்ஜிபி (திரை வண்ணம்) முறைக்கு மாற்றிய ஜேபெக் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண் 1080. இன்ஸ்டாகிராம் 1080 பிக்சலுக்கு மேல் அகலமான படத்தைத் தானே சுருக்கும். நாமே சரியாகச் சுருக்கிக் கொடுத்தால் அது செய்யும் வேலை குறைவு, கெடுதலும் குறைவு. சதுரம் 1080 × 1080. நெட்டைப் படம் 4:5, அதாவது 1080 × 1350. ஸ்டோரிக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் 1080 × 1920. அகலப் படம் 1080 × 566. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் 4:5 எடுங்கள். ஸ்க்ரோல் செய்கிறவர் திரையில் சதுரத்தைவிட கால்பங்கு கூடுதல் இடம் பிடிக்கும். கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பொருத்தமான வடிவம் இதுவே.

போன் கேமரா வழக்கமாகத் தருவது 3:4. 12 மெகாபிக்சல் படம் நிமிர்த்திப் பிடித்தால் 3000 × 4000. இதை 4:5 ஆக்க உயரத்தில் 250 பிக்சல் போகும், பெரிய இழப்பில்லை. சதுரமாக்கினால் 1000 போகும். ஸ்டோரிக்கு 9:16 ஆக்கினால் அகலம் 2250 ஆகி, இரு பக்கமும் 375 வீதம் போய்விடும். ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதாக இருந்தால் பொருளை நடுவில் வைத்து நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். கடற்கரையில் எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். உப்புக்காற்றுப் படலம் படத்தை மங்கலாக்கினால் எந்த ஃபில்டரும் அதை முழுதாக மீட்காது.

2025-இல் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 ஆனதைப் பலர் இன்னும் கணக்கில் எடுப்பதில்லை. சதுரப் படம் அந்தக் கட்டத்தில் இடமும் வலமும் 135 பிக்சல் வீதம் இழக்கிறது. 4:5 படம் சுமார் 34 மட்டுமே இழக்கிறது. கடைப் பெயரையும் விலையையும் ஓரத்திலிருந்து 60 பிக்சலாவது உள்ளே தள்ளி வையுங்கள். சதுரம்தான் வேண்டுமென்றால் 150. ஸ்டோரியில் மேலே 250, கீழே 340 பிக்சலை எழுத்தில்லாமல் விடுங்கள். அங்கே கணக்குப் பெயரும் பதில் எழுதும் பெட்டியும் வந்து உட்காரும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் அடிவானத்தை நேராக்குங்கள், ஏனென்றால் படத்தைச் சாய்க்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும். பிறகு விகிதத்துக்கு வெட்டுங்கள். பிறகு வெளிச்சமும் வண்ணமும். அதன்பின் அகலத்தை 1080 ஆகச் சுருக்குங்கள். கூர்மை கடைசியில்தான்: ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் கூர்மைக்கான அன்ஷார்ப் மாஸ்க், ரேடியஸ் 0.5, அமௌன்ட் 0.5 போதும். சுருக்குவதற்கு முன் கூர்மை ஏற்றினால் பாதி வீணாகும், மீதி எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பாக நிற்கும். ஜேபெக் தரம் 85-இல் சேமியுங்கள். டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 72-ஆ 300-ஆ என்று மண்டையைக் குடைய வேண்டாம். அது அச்சுக்கான கணக்கு, திரைக்குப் பிக்சல் மட்டும்தான்.

தோவாளைப் பூ வியாபாரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது சிவப்பு. சிவப்பு அரளி, ரோஜா, கேந்திக் குவியலை வெயிலில் எடுத்தால் படத்தில் சிவப்பின் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும்; இதழ் தெரியாமல் ஒரே வண்ணத் திட்டாகிவிடும். எடுக்கும்போதே திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தை முக்கால் படி குறையுங்கள். சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) கூட்டாதீர்கள். பிச்சிக்கும் இதே கவனம் வேண்டும். வெள்ளை ஒருமுறை எரிந்துவிட்டால் இதழின் விளிம்பு திரும்ப வராது.

சிவப்பால் வரும் இன்னொரு தொல்லை எழுத்தில். ஜேபெக் பொதுவாக வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு வண்ண விவரத்தைக் குறைத்துவிடும். பச்சை வாழையிலைப் பின்னணியில் சிவப்பில் ‘நேந்திரங்காய் சிப்ஸ்’ என்று எழுதினால், இரண்டுக்கும் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்று, வேறுபாடு வண்ணத்தில் மட்டும். அதனால் எழுத்தின் ஓரம் கலங்கும். கரும்பச்சையில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து என்றால் தெளிவாக நிற்கும். படத்தைப் பிஎன்ஜியாக ஏற்றினாலும் இன்ஸ்டாகிராம் ஜேபெக்காக மாற்றிவிடும் என்பதால் தப்பிக்க வழியில்லை.

தமிழ் எழுத்துக்குச் சுழிகள் அதிகம். ண, ன இரண்டும் சிறிய அளவில் ஒன்றுபோலத் தெரியும். புள்ளி காணாமலே போகும். 1080 அகலத்தில் தலைப்பு 90 முதல் 110 பிக்சல், மற்ற வரிகள் 44-க்குக் குறையாமல், வரி இடைவெளி 1.4 மடங்கு. மெல்லிய எழுத்துரு வேண்டாம். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றின் தடித்த வடிவம் நன்றாக நிற்கும். ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறினால், டைப் அமைப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள்.

விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமோ மாத்தூர் தொட்டிப்பாலமோ 4:5-க்குள் அடங்காது. 3240 × 1350-க்கு வெட்டி, அதை 1080 வீதம் மூன்று துண்டாக்கி, கரோசலாக (பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் பல படப் போஸ்டாக) போடுங்கள். படுக்கையாக எடுத்த 4000 × 3000 படம் இதற்குத் தாராளம். வெட்டுக்கோடு சிலையின் மேலோ ஆள் முகத்தின் மேலோ விழாமல் பாருங்கள்.

படத்தை டிசைனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். எச்டி தேர்ந்தெடுத்தாலும் மூலப் படம் வராது. ஆனால் டாக்குமென்டில் படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால், அனுப்பும் முன் படத்தில் பதிவான லொகேஷனை நீக்கிவிடுங்கள்.

ஃபேஸ்புக் கவர் படம் கணினியில் 820 × 312, போனில் 640 × 360 என்று வெவ்வேறு வடிவில் தெரியும். எழுத்தை நடுவில் வைத்தால் இரண்டிலும் தப்பும். யூடியூப் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) 1280 × 720. அதன் கீழ் வலது மூலையில் எதுவும் எழுதாதீர்கள், வீடியோவின் நேரம் அதன்மேல் விழும்.