ஆபீஸ் போன் பெட்டியில் பேர் தெரியாத லைன்கள்: செய்யக்கூடாத தவறுகள்

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ கல்லுக்கட்டி பக்கமோ, பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆபீஸில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற, போன் லைன்களெல்லாம் வந்து சேரும் குரோன் பெட்டியைத் திறந்து பாருங்கள். லைனை லைனோடு இணைக்கும் ஜம்பர் வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பாதிக்கு லேபிள் இருக்காது, இருக்கிற லேபிளிலும் எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் பேர்தான் இருக்கும். இபிஏபிஎக்ஸை (ஆபீஸுக்குள் கால்களைப் பிரித்துத் தரும் மெஷின்) மாற்றலாம், ஐபி போனுக்குப் போகலாம் என்று பேச்சு வரும்போதுதான் எது எந்த லைன் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அவசரத்தில் தேடுவதால்தான் தவறும் நடக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, டெஸ்ட் போனை வைத்துப் பார்த்து டயல் டோன் இல்லை என்றதும் "இது டெட் லைன்" என்று வெட்டிப் போடுவது. டோன் வராத வயரெல்லாம் சும்மா கிடக்கும் வயர் இல்லை. லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், ஃபயர் அலாரம், வாசல் பெல், யுபிஎஸ் ரூமிலிருந்து வரும் எச்சரிக்கை என்று பலதும் போன் கேபிளில் மிச்சமிருந்த ஜோடியில்தான் (இரண்டு வயர் சேர்ந்தது ஒரு ஜோடி) ஓடும், ஏனென்றால் அன்றைக்கு வேலை பார்த்தவருக்குப் புதுசாக வயர் இழுப்பதைவிட அது சுலபமாக இருந்தது. இரண்டு இடத்துக்கு நடுவே நிரந்தரமாக வாடகைக்கு எடுத்த லீஸ்டு லைனிலும் டோன் வராது. பிஆர்ஐ இணைப்பு ஒன்றில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம், அதிலும் டோன் கேட்காது, ஆனால் அதைப் பிடுங்கினால் ஆபீஸ் முழுக்க போன் நின்றுவிடும். அதனால் முதலில் மல்டிமீட்டரை வையுங்கள். யாரும் பேசாதபோது எக்ஸ்சேஞ்ச் லைனில் சுமார் 48 வோல்ட் டிசி காட்டும், இபிஏபிஎக்ஸ் எக்ஸ்டென்ஷனில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். எதுவுமே காட்டவில்லை என்றாலும் வெட்டாதீர்கள், இரண்டு முனையும் எங்கே போகிறது என்று தெரிகிறவரை அது சந்தேக லைன், அவ்வளவுதான். வெறும் கையால் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரும்.

அடுத்தது, மொபைலுக்கு ஒரு கால் போட்டு அதில் வரும் நம்பரை அப்படியே எழுதிக்கொள்வது. இபிஏபிஎக்ஸ் வழியாக 0 அழுத்தினால் அந்த நேரத்தில் எந்த டிரங்க் (வெளி லைன்) காலியோ அதைத்தான் அது பிடிக்கும், நீங்கள் நினைத்த லைனை இல்லை. வெளியிலிருந்து அடித்துப் பார்த்தாலும் ஹன்டிங் போட்டிருந்தால் ஒன்று பிஸி என்றதும் அடுத்த லைனில் மணி அடிக்கும். பெட்டியிலேயே அந்த ஜோடியை இபிஏபிஎக்ஸிலிருந்து பிரித்துவிட்டு, நேராக டெஸ்ட் போனை மாட்டி அடித்தால்தான் நம்பலாம். பிரிப்பதற்கு முன் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று டெஸ்ட் போனை மானிட்டரில் (கேட்க மட்டும் செய்யும் நிலையில்) வைத்துக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் மொபைல் நம்பருக்கு முன்னால் 0 போட வேண்டும், இதை மறந்துவிட்டு "அவுட்கோயிங் இல்லை" என்று எழுதி வைத்தவர்கள் நிறைய.

டோனர் (வயரில் ஒரு சத்தத்தை ஏற்றி மறுமுனையைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்துத் தேடும்போது முதல் போன் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே ஜோடியில் பேரலல் அடித்து வாட்ச்மேன் ரூமிலும் ஒரு போன் தொங்கும். அதையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் டோன் ஏற்றாதீர்கள், முக்கியமாக டேட்டா போகும் லைனில்.

கேபிளின் நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. வெள்ளை–நீலம் முதல் ஜோடி, சிவப்பு–நீலம் ஆறாவது என்பதெல்லாம் சரிதான். ஆனால் நடுவில் ஒரு டிபி பாக்ஸில் (கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) யாரோ நிறம் மாற்றி இணைத்திருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. மாட்யூலில் (பெட்டிக்குள் ஜோடிகளைச் சொருகும் கட்டை) ஒருவர் 0-விலிருந்து எண்ணுவார், இன்னொருவர் 1-லிருந்து எண்ணுவார், எதிலிருந்து என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

சரி, ஒரு லைன் வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். உடனே ஜம்பரைப் பிடுங்காமல், மாட்யூலில் டிஸ்கனெக்ட் பிளக் சொருகி, தேதியோடு ஒரு சீட்டு கட்டித் தொங்கவிட்டு, குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். மாசக் கடைசியில் மட்டும் ஓடும் ஃபேக்ஸ் இருக்கும், ராத்திரி மட்டும் எடுக்கும் போன் இருக்கும். நம்ம ஊரில் இது இன்னும் கவனம், ஏனென்றால் பெரிய வீட்டின் முகப்பை ஆபீஸாக்கியிருக்கும் இடங்களில் அந்த பேரலல் வயர் தேக்கு உத்தரத்தோடு ஓடி இரண்டாங்கட்டு வரைக்கும் போயிருக்கும். நாட்டரசன்கோட்டை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செவ்வாய்ப் பொங்கலுக்குப் பங்காளிகள் வந்து கூடும்போது மட்டும்தான் அந்த போனை எடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மாதம் போதாது, வீட்டுக்காரரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பில்லைப் பார்க்காமல் விடுவதும் அப்படித்தான். இங்கே பல லைன்கள் ஐயா காலத்தில் அவர் பேரில் எடுத்தவை, பில் சென்னை வீட்டுக்குப் போகும், பேங்க் கணக்கிலிருந்து தானாகக் கழியும், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. பில்லில் 04565-இல் (காரைக்குடி எஸ்டிடி கோடு) தொடங்கும் நம்பர் ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஒரு ஜோடியைக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத நம்பரையும், நம்பர் தெரியாத ஜோடியையும் தனியாக எழுதுங்கள், உங்கள் வேலையே அந்த இரண்டு பட்டியல்தான்.

எழுதுகிற விதத்திலும் ஒரு தவறு உண்டு. "மேனேஜர் லைன்" என்று எழுதினால் மேனேஜர் மாறிய அன்றே அது பொய். மாட்யூல், ஜோடி, இபிஏபிஎக்ஸ் கார்டு, போர்ட், எக்ஸ்டென்ஷன், எந்த ரூமில் எந்தச் சுவர் என்று எழுதுங்கள். போர்ட்டும் (கார்டில் வயர் சேரும் இடம்) எக்ஸ்டென்ஷனும் வேறு வேறு, எக்ஸ்டென்ஷன் நம்பரை புரோகிராமில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அப்புறம் ஒவ்வொரு வரியிலும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதும் வேண்டும்: டோனர் வைத்தா, அடித்துப் பார்த்தா, பழைய லேபிளைப் பார்த்து ஊகமா. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ஒரு பிரதியை லேமினேட் செய்து பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், ஏனென்றால் அடுத்து வரும் லைன்மேன் உங்கள் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டார், அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.