அசல் எஸ்எஸ்ஸா, வேடமிட்ட மாலிபுவா: பழைய மசில் கார் வாங்குவோர் செய்யும் தவறுகள்

மசில் கார் என்பது சாதாரணக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்திய அமெரிக்க வேகக் கார். அவற்றில் ஒன்றான 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ தனி மாடலாக விற்பனைக்கு வரவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காருக்குக் கூடுதல் விலையில் கிடைத்த ஒரு விருப்பத் தொகுப்பாகவே அது வந்தது. 1970ஆம் ஆண்டின் செவ்ரோலெட் செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 454 காரும் அப்படித்தான்: மாலிபு என்னும் குடும்பக் காரின் மேல் ஏற்றப்பட்ட தொகுப்பு அது. ஆகவே சாதாரண வி8 (எட்டுச் சிலிண்டர்) மாலிபு ஒன்றை வாங்கி, பானட்டையும் சின்னங்களையும் மாற்றி, பட்டைக் கோடுகள் வரைந்து, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய 454 கன அங்குல எஞ்சினைப் பொருத்திவிட்டால், பார்வைக்கு அது எஸ்எஸ் ஆகிவிடும். அசலுக்கும் இந்த வேடத்துக்கும் விலையில் உள்ள இடைவெளி மிகப் பெரியது என்பதால், கடையில் புதிதாகக் கிடைக்கும் சின்னங்களையும் உள்அலங்காரத்தையும் சான்றாகக் கொள்வது முதல் தவறு.

வாகன அடையாள எண்ணைப் பார்த்தால் போதும் என்று நினைப்பது அடுத்தது. 1966 முதல் 1968 வரையிலான செவெல் எஸ்எஸ் 396 கார்களின் எண் 138 என்று தொடங்கும். 1966 முதல் 1971 வரையிலான ஜிடிஓ எண்கள் 242 என்று தொடங்கும். ஆனால் 1969 முதல் செவெலில் எஸ்எஸ் வெறும் தொகுப்பாகிவிட்டதால், அந்த எண் கார் எஸ்எஸ் என்பதைச் சொல்வதே இல்லை. மாறாக, கிறைஸ்லர் குழுமக் கார்களில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைக் காட்டிவிடும். 1970ஆம் ஆண்டு வண்டியில் அது ‘ஆர்’ என்றிருந்தால் ஆலை பொருத்தியது 426 கன அங்குல ஹெமி எஞ்சின். ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை மனத்தில் வைத்து மற்றொன்றின் காரை எடைபோடுவதால் ஏமாந்தவர்கள் குறைவல்ல.

எல்லாவற்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘நம்பர் மேட்சிங்’ என்ற சொல்; ஆலையில் பொருத்திய அதே எஞ்சின்தான் காரில் இருக்கிறது என்பதே அதன் பொருள். விற்பவர் ஒருவர் அதைச் சொன்னால், எந்த எண் எதனோடு பொருந்துகிறது என்று கேட்பதே முறை. எஞ்சின் பிளாக்கை (எஞ்சினின் அடிப்படை உடலை) வார்க்கும்போதே பதியும் வார்ப்பு எண் பொருந்துவதால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனெனில் ஒரே வார்ப்பு எண் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இருக்கும். செவ்ரோலெட் வி8 எஞ்சினில் வலப்பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சிறிய தட்டையான பரப்பு ஒன்று உண்டு. எஞ்சின் ஆலையின் எழுத்து, எஞ்சின் பூட்டப்பட்ட மாதமும் நாளும், எந்த வகை எஞ்சின் என்பதற்கான குறியெழுத்துகள், காரின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதி ஆகியவை அங்கே அச்சடிக்கப்பட்டிருக்கும். பிளாக்கிலேயே வார்ப்புத் தேதி தனியாக இருக்கும்: ‘சி 14 0’ என்றால் 1970 மார்ச் 14. வார்ப்பு முதலிலும், எஞ்சின் பூட்டியது அதன் பிறகும், கார் ஆலையை விட்டு வெளிவந்தது எல்லாவற்றுக்கும் கடைசியிலும் நடந்திருக்க வேண்டும். தொப்புள்கொடி அறுபடுமுன் பெயர்சூட்டு விழா நடக்காது. ஏப்ரலில் வார்த்த பிளாக் மார்ச்சில் முடிந்த காருக்குள் இருந்திருக்க முடியாது.

அந்தப் பரப்பை நல்ல வெளிச்சத்தில், துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆலையில் அதைச் செதுக்கியபோது விழுந்த மெல்லிய நேர்கோடுகள் எழுத்துகளுக்கு அடியில் தெரிவது நல்ல அறிகுறி. கண்ணாடி போல வழவழப்பாகவோ, சுழல் கீறல்களோடோ இருந்தால், பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடித்திருக்கலாம். இதிலும் நிதானம் தேவை: எஞ்சினை நேர்மையாகப் புதுப்பித்தவர் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவியதாலும் எண் மறைந்திருக்கலாம். எண் இல்லாமல் இருப்பது மோசடி ஆகாது. சீவிய பரப்பில் எண் பளிச்சென்று இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது.

காகிதங்களில் வரும் தவறு, எந்தக் காகிதமும் சமம் என்று எண்ணுவது. பான்டியாக் கார்களுக்குப் பழைய ஆலை விலைப்பட்டியலின் நகலை பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தருகிறது. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, ஆலைப் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்படும் மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற செவெலுக்கு இப்படிப்பட்ட வழி இல்லாததால், இருக்கைக்கு அடியிலோ பெட்ரோல் டேங்கின் மேலோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஆலைத் தயாரிப்புத் தாளும், உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த உலோகத் தகடும் பொன்னுக்குச் சமம். இவற்றுக்கும் போலிகள் செய்யப்படுகின்றன. ஆகவே தாளில் உள்ள எண்ணைக் காரின் எண்ணோடும், கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறிகளோடும் ஒப்பிட்டே நம்ப வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள எண் தகட்டின் ரிவெட்டுகள் பூவிதழ் வடிவில் இல்லாவிட்டால், அல்லது சேசிஸில் உள்ள எண் வேறாக இருந்தால், பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். எண் தகட்டை மாற்றுவது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம்.

துருவைப் பொறுத்தவரை காந்தம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. வினைல் கூரை உள்ள காரில் பின்கண்ணாடியின் அடிப்பகுதியையும், டிக்கியின் தரையையும் விடாமல் பார்க்கவும்.

விலையில் நடக்கும் தவறு, ஏலச் செய்தியை அளவுகோலாக்குவது. 2014ஆம் ஆண்டு சியாட்டிலில் 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி ‘கூடா (பாரகூடா) கன்வெர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது, அதைக் காட்டிச் சாதாரண கூடாவுக்கும் கூடுதலாகக் கேட்பவர்கள் உண்டு. அந்த வகையில் அந்த ஆண்டு உருவானவை மிகச் சிலவே. கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே எஞ்சின், அதே கியர் பாக்ஸ், அதே அளவு ஆவணம் உள்ள கார்கள் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஏலமாக இருந்தால், வாங்குபவர் தனியே செலுத்தும் கட்டணம் அதில் சேர்ந்துள்ளதா என்பதையும் கவனியுங்கள். வேடமிட்ட கார் என்று விற்பவரே ஒப்புக்கொண்டால், மாலிபுவின் விலையோடு பொருத்திய உதிரிகளின் மதிப்பில் ஒரு பங்கைச் சேர்த்துக் கணக்கிடலாம். தினமும் ஓட்டி மகிழ விரும்புபவருக்கு, என் கருத்தில், அத்தகைய கார் மோசமான தேர்வல்ல.