வேறு துறைக்கு மாறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துணி ஆலை, சர்க்கரை ஆலை, ஹோட்டல், கடை என்று பல வருஷம் ஓட்டிவிட்டு, இனி வேறு துறைக்குப் போகலாம் என்று கிளம்புகிறவர்களின் சிவியை அடிக்கடி படிக்கிறேன், தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலும் திறமையில் குறை இருக்காது. அதை எடுத்துச் சொல்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் இந்த வரி: "நல்ல கம்யூனிகேஷன், டீம் வொர்க், கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு." இது இல்லாத சிவியே கிடையாது, அதனால்தான் யாரும் அதைப் படிப்பதும் கிடையாது. துணி ஆலையில் லைன் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் கிடங்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். "சூப்பர்வைசர், தையல் பிரிவு" என்று எழுதிவிட்டு, கீழே அந்த நாலு வார்த்தையையும் போட்டு முடித்துவிடுவார். உட்கார வைத்துக் கேட்டால் கதையே வேறு. காலையில் யார் வரவில்லை என்று பார்த்து, இருக்கிற ஆளை மெஷின்களுக்குப் பிரித்துவிட்டு, காலர் தைக்கிற இடத்தில் பீஸ் தேங்குகிறதா, பட்டன் இடத்தில் தேங்குகிறதா என்று நடந்து நடந்து கவனித்து, தேங்கிய இடத்துக்கு ஒரு ஆளை மாற்றிப் போட்டு, லாரி வருகிற நாளுக்குள் ஆர்டரைக் கட்டி அனுப்பியிருக்கிறார். இதில் தையல் எவ்வளவு? பாதி கூட இல்லை. மீதியெல்லாம் ஆள், நேரம், கணக்கு. கிடங்கிலும் அதே மூன்றைத்தான் தேடுகிறார்கள்.

அப்படியானால் எழுத வேண்டியது இதுதான்: "30 பேருக்குத் தினமும் வேலை ஒதுக்கினேன். அனுப்பும் தேதிக்குள் ஆர்டரை முடித்தேன். தரம் தவறிய சரக்கைத் தனியே பிரித்துக் கணக்கு வைத்தேன்." எண் உங்களுடையதாக இருக்கட்டும், ஊதிப் பெருக்காதீர்கள், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பழைய தொழிலின் சுருக்கெழுத்துகளையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் போகப் போகிற வேலைக்கான விளம்பரங்கள் நாலைந்தை வரிவரியாகப் படித்தால், நீங்கள் செய்ததற்கு அந்தத் துறையில் என்ன பெயர் என்று தெரிந்துவிடும்.

சம்பளம் வாங்கிச் செய்ததுதான் அனுபவம் என்று நினைப்பது அடுத்த தவறு. நம் பெண்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கோயில் கமிட்டியில் ஆடி மாதக் கூழ் பூசைக்கும் தைப்பூசக் காவடிக்கும் சமையல் பொறுப்பெடுத்து, நன்கொடைக்கு ரசீது போட்டு, தொண்டர்களுக்கு முறை வைத்து, வருஷக் கடைசியில் கணக்கு ஒப்படைத்தவர் "நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்று எழுதுகிறார்! அதைச் சிவியில் போடுங்கள். ஆனால் கமிட்டித் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். "எனக்குப் பேச்சு நன்றாக வரும், காப்பீடு விற்கிறேன்" என்பார்கள். பேச்சு வரலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் சில வாசல்களில் திறமை மட்டும் செல்லாது, சட்டப்படி சான்றிதழோ பதிவோ வேண்டும். நிதி ஆலோசனை சொல்லப் போனால் ஆர்இ5 என்ற தகுதித் தேர்வு இருக்கிறது, மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே எழுதலாம் என்றாலும் அதற்குக் கெடு உண்டு. வீடு, நிலம் விற்றுக் கொடுக்க ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ், அதாவது சொத்து முகவர் உரிமச் சான்று வேண்டும், 2022 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டப்படி அது இல்லாமல் கமிஷன் வாங்க முடியாது. செக்யூரிட்டி வேலைக்கு அந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் பிசிரா அமைப்பில் பதிவு, பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் கவுன்சில் பதிவு. வேலையை விட்ட பிறகு இதையெல்லாம் விசாரிப்பவர்களை என்ன சொல்வது.

படிப்பு விஷயத்திலும் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். ஒருவர் பயந்துபோய், ஏற்கெனவே தெரிந்த வேலைக்கே பணம் கட்டி ஆரம்பத்திலிருந்து படிக்கிறார். இன்னொருவர் இத்தனை வருஷ அனுபவத்துக்குச் சான்றிதழ் தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறார். இங்கே ஆர்பிஎல் என்று ஒரு வழி இருக்கிறது, முன் அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு ஏற்றுக்கொள்வது. வருஷத்தை எண்ணிக் கொடுப்பதில்லை, செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள், சோதித்தும் பார்ப்பார்கள். தேசியத் தகுதிச் சட்டகத்தில் 10 நிலைகள், மெட்ரிக், அதாவது 12ஆம் வகுப்புப் பள்ளி இறுதி, அதில் 4ஆவது. எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டினாலும் அது எந்த நிலை, பதிவான தகுதிதானா என்று முதலில் கேளுங்கள். பதிலில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், துறையையும் வேலையையும் ஒரே தாவலில் மாற்ற நினைப்பது. முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் கஷ்டம். மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றவர் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போனால், மருந்துப் பெயரும் கிளெய்ம் சிக்கலும் ஏற்கெனவே தெரியும், வேலை மட்டும்தான் புதிது. அங்கே ஒரு வருஷம் இருந்தால், டர்பனுக்குப் பக்கத்து உம்லாங்காவில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற கால் சென்டர்களில் வேறு துறைக்கும் மாறலாம். இரண்டு படியாக ஏறுவதில் சம்பளமும் அவ்வளவாக அடிபடாது.

கடைசியாகப் பணம். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு யூஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம்) வரும் என்று நம்பாதீர்கள், தானாக விலகியவருக்கு அது பொதுவாகக் கிடையாது. ஓய்வூதிய நிதியில் கைவைக்கத்தான் வேலையை விடுகிறேன் என்பவர்களும் உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2000 ராண்ட், வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். வரி பிடிப்பார்கள், அது வேறு. ஒரு வருஷம் தாண்டி வேலை பார்த்திருந்தால் நாலு வாரம் முன்னறிவிப்பு தர வேண்டும். போகும்போது பணிச் சான்று கேட்டு வாங்குங்கள், சட்டப்படி தந்தே ஆக வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு பதவியின் பெயரோ என்ன வேலை செய்தீர்கள் என்ற சுருக்கமோ அதில் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை நீங்களே எழுதி முதலாளியிடம் நீட்டினால், பெரும்பாலும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.