வட்டி, பிணை, சேமலாபம்: மலையகத்தில் நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் சொற்கள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து ஓர் அக்காவின் கடன் தாளைப் படித்துக் காட்டினேன். ஓர் இலட்சம் ரூபாய், ஒரு வருடம், 24 சதவீத வட்டி. “மாதம் இரண்டு வட்டிதானே தம்பி, வெளியே பத்து வட்டிக்கு வாங்குவதைவிட எவ்வளவோ மேல்” என்றார். தாளின் அடியில் இருந்த தவணைத் தொகையை அவர் பார்க்கவில்லை. மாதம் 10,333 ரூபாய்.

அந்தத் தொகை எப்படி வந்தது? ஓர் இலட்சத்துக்கு ஒரு வருட வட்டி 24,000. இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். இதைத்தான் ‘பிளாட் ரேட்’ என்கிறார்கள். ஆறு மாதம் கட்டி முடித்தபோது அசலில் பாதி திரும்பப் போய்விட்டது. ஆனாலும் வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கே கணக்காகிறது. கடைசி மாதத்திலும் அப்படியே. மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் அதே 24 சதவீத வட்டி போட்டிருந்தால் தவணை ஏறத்தாழ 9,456 ரூபாய்தான். வருடத்துக்கு வட்டியும் 13,500 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். அக்கா கட்டுவதைக் குறையும் மீதிக்கான வட்டியாக மாற்றிக் கணக்கிட்டால் அது 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. தாளில் 24 என்று எழுதியிருந்தது பொய்யல்ல. எந்தத் தொகைக்கு அந்த 24 என்று கேட்காததுதான் தவறு.

ஆகவே சதவீதத்தைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தவணை எவ்வளவு, எத்தனை தவணை என்று கேளுங்கள். இரண்டையும் பெருக்கி, உண்மையில் கைக்கு வரும் பணத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்தக் கடனுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. ‘கைக்கு வரும் பணம்’ என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதல் நாளே பிடித்துக்கொண்டால், இலட்ச ரூபாய்க் கடன் இலட்சமாக வீட்டுக்கு வராது.

அடுத்தது பிணை. “சும்மா சாட்சிக் கையெழுத்துத்தான்” என்ற பேச்சை நம்பிப் போட்ட கையெழுத்துகள் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கின்றன! சாட்சி, கையெழுத்திட்டதைப் பார்த்தவர். பிணையாளி, கடன்காரர் கட்டாவிட்டால் தானே கட்டுவேன் என்று ஒப்புக்கொண்டவர். குழுக்கடனில் ஒருவருக்கொருவர் போடுவது பெரும்பாலும் இரண்டாவது கையெழுத்துதான். தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என்று பயப்படுபவர்களும் உண்டு. கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அது கறுப்புப் பட்டியல் அல்ல. வங்கியில் கடன் வாங்கிய எவருடைய பெயரும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டியதும் அதில் பதிவாகும்.

என் மனதை மிகவும் வருத்துவது சம்பளத் துண்டு. கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே கேட்கிறோம். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் குரல் எழுகிறது. ஆனால் வேலையை விட்டபின் எடுக்கும் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி என்ற வரியை வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் பங்கு குறைந்தது 8 சதவீதம், தொழில் தருநரின் பங்கு குறைந்தது 12 சதவீதம். அந்தப் 12 சதவீதத்தை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது; அது அவர்கள் கையிலிருந்து போட வேண்டியது. அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தாவிட்டால் அவர்களுக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. துண்டில் கழித்திருப்பதாலேயே பணம் நிதியத்துக்குப் போய்விட்டது என்று நினைப்பது பெரிய தவறு. கணக்கு அறிக்கையை வாங்கிச் சம்பளத் துண்டுகளோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே துண்டுகளை எறியாமல் வையுங்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில் தருநர் மட்டும் 3 சதவீதம் செலுத்துகிறார். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கப்படுவதில்லை. சேமலாபத்தை எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதற்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். இது தனி விண்ணப்பம். ஐந்து வருடம் வேலை செய்தவருக்குச் சேரக்கூடிய சேவைக்காலப் பணமும் தனி. அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது.

இங்கே எங்கள் மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டுச் சேமலாபம் எடுக்கப் போகும்போதுதான் இது தெரிகிறது. பிறகு சத்தியக் கடதாசிக்கும் தோட்டக் காரியாலயத்துக்குமாக அலைய வேண்டியிருக்கிறது. நாற்பது வயதிலேயே பெயரைச் சரிபாருங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் குறித்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள்.

அந்தப் பணம் கைக்கு வந்ததும் ‘நிலையான வைப்பு’ என்ற சொல் வருகிறது. மூன்று மாத வைப்புக்கு 8 சதவீதம் என்று பலகையில் இருந்தால், அது வருடக் கணக்கு. ஓர் இலட்சத்துக்கு மூன்று மாதத்தில் 2,000 ரூபாய் கிடைக்கும், 8,000 அல்ல. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களில் பலர் இந்த எல்லைக்குள்தான் வருவார்கள். கேட்காமல் விட்டால் பணம் பிடிபட்டுக்கொண்டே போகும்.

பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைக் கேட்டு விலை இறங்கும் என்று காத்திருப்பதும் தவறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். நூறு ரூபாய்ச் சாமான் நூற்றெழுபதானது. அடுத்த வருடம் பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்தால் அது 177 ஆகும், நூறுக்குத் திரும்பாது.

சேமலாபம் கைக்கு வந்த வீட்டை ‘முதலீடு’, ‘இலாபப் பங்கு’ என்ற சொற்களோடு தேடி வருபவர்களும் உண்டு. மாதம் இவ்வளவு நிச்சயம், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் அதற்கும் பணம் என்பார்கள். பங்கு என்றால் இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு. நட்டமே வராது என்பவர் விற்பது பங்கு அல்ல. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் இருக்கும் வைப்புகளுக்கு மட்டுமே. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை. ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டம் தடைசெய்திருக்கிறது. திட்டத்தை நடத்துபவர் மட்டுமல்ல, அக்காவையும் மச்சானையும் அதில் சேர்த்துவிடுபவரும் அந்தச் சட்டத்தின் பிடியில் அகப்படலாம்.