முதல் ஜப்பான் பயணம்: கோயாசான் இரவை முதலில் குறியுங்கள்

அம்மாவை அழைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஜப்பான் போய் வந்ததிலிருந்து, "உன் பிளானை அப்படியே அனுப்பு" என்று கேட்காத நண்பர் இல்லை. அந்த எக்செல் ஷீட்டில் பாதி நான் அங்கே போய் அடித்துத் திருத்தியது, அனுப்பினாலும் புரியாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். விமான டிக்கெட் தேடுவது, ஹோட்டல் பதிவது எல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான், தொடப்போவதில்லை. தீம் பார்க்குகளும் இதில் இல்லை. கோயில், சாப்பாடு, சுமோ, கபுகி நாடகம் என்று போக நினைப்பவர்களுக்கு மட்டும்.

படி 1: ஊர்களை அல்ல, ஓர் இரவை முடிவு செய்யுங்கள்

நானும் முதலில் எல்லோரையும் போல டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா என்று ஐந்து ஊர்களை வரிசையாக எழுதினேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாதி நேரம் ரயிலிலும், மீதி நேரம் கோயில் வாசலில் செல்ஃபி கூட்டத்திலும் போகும் போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு கோயாசான் என்று மட்டும் எழுதினேன்.

வகயாமா மாவட்டத்தில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர் அது. கூக்காய் என்ற துறவி 816-இல் தொடங்கியது, பௌத்தத்தின் ஷிங்கோன் பிரிவுக்குத் தலைமையிடம். அங்கே ஐம்பது கோயில்கள் வரை பயணிகளைத் தங்க வைக்கின்றன. இந்தத் தங்குமிடத்துக்கு ஷுகுபோ என்று பெயர். கோரைப்பாய் போன்ற ததாமி விரித்த அறை, தரையில் மெத்தை, துறவிகள் சமைத்த சைவச் சாப்பாடு, விடியற்காலை பூசை. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 15,000 யென் அளவிலோ அதற்கு மேலோ ஆகும். கொடுக்கலாம். அதே காசுக்கு டோக்கியோவில் ஒரு தீப்பெட்டி அறைதான் கிடைக்கும்.

இந்த ஒரு இரவைப் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதன் இருபுறமும் அடுக்குங்கள்.

படி 2: தேதி

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்ற முன்னோர் வழிபாட்டு நாட்கள், பிறகு புத்தாண்டு. இந்த மூன்றிலும் ஜப்பானே ஊருக்குக் கிளம்பியிருக்கும், போகாதீர்கள். செர்ரிப் பூ மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். கியோட்டோவில் மேப்பிள் இலை சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து. இரண்டுமே அழகு, இரண்டிலுமே ஹோட்டல் விலை கையைக் கடிக்கும்.

என்னைக் கேட்டால் மே நடுப்பகுதி. கூட்டம் கலைந்திருக்கும், மழைக்காலம் தொடங்கியிருக்காது, டோக்கியோவின் ரியோகோகுவில் பதினைந்து நாள் சுமோ போட்டி நடந்துகொண்டிருக்கும். டோக்கியோவில் சுமோ ஜனவரி, மே, செப்டம்பரில் மட்டும்தான். கியோட்டோவில் ஜூலை 17 கியோன் திருவிழாத் தேரோட்டம் பார்க்க ஆசை இருந்தால் போங்கள், ஆனால் அந்தப் புழுக்கம் சென்னைக்காரரையே சோதிக்கும்.

படி 3: ரயில் பாஸ் வாங்காதீர்கள்

பழைய வலைப்பதிவுகள் எல்லாம் ஜேஆர் பாஸ் (ஜேஆர் நிறுவன ரயில்களுக்கான பாஸ்) வாங்கச் சொல்லும். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு வழி சுமார் 14,000 யென்தான். ஒசாகா பக்கம் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி டோக்கியோவிலிருந்து திரும்பும்படி விமானம் போட்டால், அந்த நீண்ட ரயில் பயணம் ஒரே ஒருமுறைதான். கோயாசான் போவது நன்காய் என்ற தனியார் ரயில், அதில் அந்தப் பாஸ் செல்லவும் செல்லாது.

நாங்கள் போட்டது: கியோட்டோ நான்கு இரவு (அதில் ஒரு பகல் நாரா), கோயாசான் ஒன்று, டோக்கியோ மூன்று. நாராவின் தோதாய்ஜி கோயில் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர். அதைச் சொன்ன பிறகுதான் அம்மா வெளியே திரியும் மான்களை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

படி 4: விசா

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு இ-விசா. எந்த நாள் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்று நாள்வாரியாக எழுதித் தர வேண்டும். அதனால்தான் மேலே உள்ள மூன்று படிகள் முதலில். நுழைவுக்கும் சுங்கத்துக்கும் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் விவரம் நிரப்பி கியூஆர் குறியீடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 

படி 5: மலைக்குப் போகும் நாள் (நான் சொதப்பிய இடம்)

கியோட்டோவில் நிதானமாக மதியச் சாப்பாடு முடித்து, இரண்டு பெரிய சூட்கேஸ்களோடு கிளம்பினோம். வரைபடம் மூன்று மணி நேரத்துக்குள் என்று காட்டியது. அந்த மூன்று மணி நேரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: கியோட்டோவிலிருந்து ஒசாகா, அங்கே சுரங்க ரயில் மாறி நம்பா, நம்பாவில் நன்காய் ரயில், கடைசி நிலையமான கொகுராகுபாஷியில் இறங்கி கேபிள் கார், மேலே போனதும் பேருந்து. மேல் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலை பேருந்துகளுக்கு மட்டுமானது, நடந்துவிடலாம் என்ற யோசனையும் பலிக்காது. நம்பாவில் லிஃப்ட் தேடியதிலேயே ஒரு ரயில் போய்விட்டது.

கோயில் வாசலை அடைந்தபோது மணி ஐந்தே முக்கால். இது ஹோட்டல் இல்லை. ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று பதிவு மடலிலேயே எழுதியிருந்தார்கள், நான்தான் சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தரைக்குப் பரிமாறிய சாப்பாடு ஆறிப்போய் அறையில் காத்திருந்தது. இளந்துறவி ஒருவர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சரி, எப்படிப் போயிருக்க வேண்டும்? பெட்டிகளை முந்தின நாளே கியோட்டோ ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து, டோக்கியோ ஹோட்டலுக்கு தக்யூபின் என்ற பார்சல் சேவை மூலம் அனுப்பிவிடுங்கள். கறுப்புப் பூனை படம் போட்ட யமாதோ வண்டிதான் பிரபலம். பெட்டிக்கு 2,000 யென்னுக்கு மேல் ஆகும், அளவைப் பொறுத்தது. பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். மலைக்கு ஒரு முதுகுப்பையும் ஒரு மாற்றுடையும் போதும். கியோட்டோவை விட்டுக் காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள், பகலிலேயே ஊரைச் சுற்றலாம்.

சாப்பாடு சீக்கிரம் முடிவதில் ஒரு லாபமும் உண்டு. இருட்டியதும் ஒகுனோயின் கல்லறைக் காட்டுக்கு நடந்து போகலாம். இரண்டு கிலோமீட்டர், கல்விளக்குகள், வானம் தெரியாத செடார் மரங்கள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். கடைசியில் கூக்காயின் சமாதி. அவர் இன்னும் தியானத்தில்தான் இருக்கிறார் என்று நம்பி தினமும் இரண்டு வேளை உணவு கொண்டுபோகிறார்கள். பூச்சிமருந்துத் தொழிலில் இருப்பவர்கள் தாங்கள் கொன்ற கறையான்களுக்காக வைத்த நினைவுக்கல்லும் அந்தக் காட்டில் இருக்கிறது. பகலில் தேடிப் பாருங்கள்.

படி 6: சைவம் என்றால் தாஷி

அம்மா சுத்த சைவம். கியோட்டோவில் முதல் நாள் "காய்கறி ஊதோன்" (சூப்பில் போட்ட தடித்த நூடுல்ஸ்) என்று பார்த்து வாங்கினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கருவாட்டு வாசனைடா" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரி. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் என்று எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவிய சீவலில் எடுப்பது. "இறைச்சி இல்லை" என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை, சாறு அந்தக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

அதனால் இந்த இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்யுங்கள்:

நிகு தோ சகனா வா தபேமசென். (இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை.)

கட்சுவோ நோ தாஷி மோ தமே தெசு. (கட்சுவோவின் சாறும் ஆகாது.)

அந்த 'மோ' அப்படியே நம் 'உம்'. வினை கடைசியில் வருவதும் நம்மைப் போலத்தான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளும் உறவு என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, ஆங்கில வாக்கிய அமைப்பை மறந்துவிட்டுத் தமிழில் யோசித்தால் நாலு வரி ஜப்பானியம் சுலபமாக வருகிறது.

கோயாசானில் இந்தக் கவலை இல்லை. அங்கே ஷோஜின் ரியோரி என்ற கோயில் சைவச் சமையல். கடற்பாசி, ஷிடாகே காளானில் சாறு எடுப்பார்கள், மரபுப்படி வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்த கோமாதோஃபுவை அம்மா என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

வீட்டிலிருந்து பருப்புப்பொடி கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் வேண்டாம், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

மிச்சம் மீதி

நகர ரயில்களுக்கு இகோகா அல்லது சுய்கா என்ற ப்ரீபெய்டு அட்டை ஒன்று, எது கிடைத்தாலும் சரி. பணத்துக்கு செவன் இலெவன் கடை ஏடிஎம். வழிக்கு கூகுள் மேப்ஸே போதும், நடைமேடை எண் வரை சொல்லும், காசு கொடுத்து வேறு செயலி வாங்காதீர்கள். கபுகி முழுதும் உட்கார முடியாது என்று தோன்றினால் கின்சா கபுகிசாவில் ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அப்புறம், ததாமி மேல் செருப்பு கூடாது, கழிவறைச் செருப்போடு வெளியே வரவும் கூடாது.

பின்சேர்க்கை 1: இ-விசாவை அச்செடுத்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் தவித்ததாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான் எழுதாமல் விட்டது தவறு. அச்சுப் பிரதி, ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப் எதுவும் செல்லாது. இணையத்தோடு போனில் அந்தத் தளத்தைத் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும். தரவு ரோமிங்கையோ இ-சிம்மையோ ஊரிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: முட்டிவலி உள்ளவர்கள் தரையில் எப்படி உட்காருவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பதிவு செய்யும்போதே நாற்காலி தர முடியுமா என்று கேட்டு மடல் போடுங்கள். அம்மாவுக்குப் பூசை மண்டபத்தில் ஒரு குட்டி முக்காலி கொடுத்தார்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் காலுறை இரண்டு ஜோடி சேர்த்துப் போடுங்கள். அறையில் ஹீட்டர் இருக்கும், ஆறு மணிக்கு மண்டபத்துக்குப் போகும் மர நடையில் இருக்காது.