மலை ரோட்டுக்கு எந்த ஓல் டெரைன் டயர்?

தாரிலும் கல், மண் ரோட்டிலும் ஓடுவதற்கானதுதான் ஓல் டெரைன் டயர். அதை வாங்கக் கடைக்குள் போனதும் கண்ணில் படுவது முரட்டு ரப்பர் கட்டைகள்தான். அது கிடக்கட்டும், உங்கள் கெப்போ ஜீப்போ நாள் முழுக்க எங்கே ஓடுகிறது என்று முதலில் யோசியுங்கள். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குத் தார் ரோட்டில் போய்வருபவருக்கும், மஸ்கெலியாப் பக்கம் கல்லும் சேறுமான தோட்டத்து ரோட்டில் ஏறுபவருக்கும் ஒரே டயர் சரிவராது.

என்னைக் கேட்டால், நம் பக்கம் சேற்றைவிட நனைந்த தார் வளைவுதான் ஆபத்து. அதனால் இரண்டு டயரைப் பக்கத்தில் வைத்து, கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல இருக்கும் மெல்லிய வெட்டுகளைப் பாருங்கள். ஈர ரோட்டைப் பிடிக்க உதவுவது அவைதான், சில டயர்களில் அவை பாதி ஆழத்தோடு நின்றுவிடும், தேயத் தேயப் பிடிப்பும் போய்விடும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் சேறு லேசாகக் கழன்று விழும், ஆனால் தாரில் இரைச்சல் கூடும்.

பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் பார எண் 112 என்றிருந்தால், காற்று சரியாக இருக்கும்போது ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்றிருப்பது பாரம் ஏற்றும் வண்டிக்கானது, தடிப்பானது, கூரான கல்லுக்கும் மரக்கறி மூட்டைக்கும் நல்லது. ஆனால் காற்றும் கூட அடிக்க வேண்டும், வெறும் வண்டி தூக்கிப் போடும். ஆட்களை மட்டும் ஏற்றுகிறவருக்கு வீண் செலவு.

அதே பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பழைய ஸ்டொக்கை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.